சயாம் பாதை: அன்று போனவர்கள், இன்று போகிறவர்கள்

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றுக்கு மேற்குக் கரையில் இருக்கிறது தோன்புரி ரயில் நிலையம். காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் அங்கிருந்து ஒரு பாசஞ்சர் ரயில் மேற்கே கிளம்புகிறது. எல்லாம் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள், தலைக்கு மேல் மின்விசிறி, திறந்த ஜன்னல். வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் 100 பாட். வயலும் தென்னந்தோப்பும் கடந்து, நக்கோன் பதோமின் பெரிய தூபியைத் தாண்டி, நோங் பிளாடுக் சந்திப்பில் தெற்கே மலேசியா நோக்கிப் போகும் முக்கியப் பாதையை விட்டுப் பிரிந்து காஞ்சனபுரி பக்கம் திரும்புகிறது. வழி நெடுக உள்ளூர்க்காரர்கள் ஏறி இறங்குகிறார்கள். அவித்த சோளமும் குளிர்ந்த தண்ணீரும் விற்பவர்கள் பெட்டி பெட்டியாக நடக்கிறார்கள். காஞ்சனபுரி நெருங்கும்போது வண்டியில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள். குவாய் ஆற்றுப் பாலம் வருகிறது என்றதும் கைபேசிகள் ஜன்னலுக்கு வெளியே நீள்கின்றன.

1943-ல் இந்தச் சந்திப்புக்குத் தெற்கிலிருந்து வேறு ரயில்கள் வந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட ஆட்களை ஜப்பானியர் மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். பெட்டிக்கு முப்பது பேர் அளவில். பகலில் இரும்பு கொதிக்கும், இரவில் சில்லிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் காலை நீட்ட இடமில்லை. நான்கைந்து நாள் அப்படிப் பயணம் செய்து பான் போங் என்ற ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மழைக்காலச் சேற்றில், மூங்கில் காட்டுக்குள், சில கூட்டங்கள் 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தன. நடக்கும்போதே விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள்.

சயாம் என்று நம்மவர் அழைத்த தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில்பாதைக்கு வேலை செய்யப் போனவர்கள் அவர்கள். அந்தப் பாதையைப் போடப் போன போர்க்கைதிகள், அதாவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் படைவீரர்கள், 60,000 பேருக்கு மேல். கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் ஆகியோரை ஏறத்தாழ இரண்டு லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்த கைதிகள் 12,000-க்கு மேல். இறந்த கூலிகள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முதல் எண்ணுக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் ஊகம்தான் இருக்கிறது. காஞ்சனபுரியில் இன்று பயணி பார்க்கிற அருங்காட்சியகம், கல்லறைத் தோட்டம், பாலம் எல்லாவற்றையும் வடிவமைத்தது இந்த வித்தியாசம்தான்.

பாதை ஏன் போடப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்து பர்மாவும் விழுந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆயுதமும் அரிசியும் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் போக வேண்டும். கடலிலோ நேச நாடுகளின் நீர்மூழ்கிகள். எனவே தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குத் தரைவழி ரயில். அந்த மலைக்காட்டில் பாதை போட முடியுமா என்று முன்பே பிரிட்டிஷார் யோசித்துக் கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளையும் கொன்கோய்தா என்ற இடத்தில் இணைத்துவிட்டார்கள். பெரிய இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டி, கூடை, சுத்தியல், உளி, யானை, மனித முதுகு ஆகியவற்றைக் கொண்டு 600-க்கும் மேற்பட்ட பாலங்களைக் கட்டினார்கள்.

மலாயாத் தமிழர்கள் இதில் எப்படிச் சிக்கினார்கள்? ரப்பருக்கு மேலைநாட்டுச் சந்தை அற்றுப்போயிற்று. துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள். பால் வெட்டும் வேலை நின்றது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. வாழை மரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு இறங்கியது. அந்த நிலையில் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஆணை வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மருத்துவம், பிறகு ஊர் திரும்பலாம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். சிலர் பெயரைத் தோட்டத்து எழுத்தரான கிராணியும் கங்காணியும் எழுதிக் கொடுத்தார்கள். வாக்குறுதி எடுபடாமல் போனதும் லாரி வந்தது. சாலையில் நடந்தவர்களை, சந்தைக்கு வந்தவர்களை, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிய கொட்டகையில் இருந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். மனைவி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் தமிழர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதைவிட மிக அதிகம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது, தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றோடு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று அந்தத் தலைமுறையின் வாய்மொழிப் பதிவுகள் சொல்கின்றன. சீருடை போட்டால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள்.

கைதிகளுக்கும் கூலிகளுக்கும் அடி ஒன்று, பட்டினி ஒன்று. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. கைதிகள் படையாகப் போனார்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். மூங்கிலையும் ஸ்டெதாஸ்கோப் குழாயையும் வைத்துக் காலராவுக்கு உப்புநீர் ஏற்றினார்கள். கழிவறைக் குழியை எங்கே வெட்டுவது, தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது என்பதற்குக் கட்டளை இருந்தது. கூடவே ஒருவர் கணக்கு எழுதினார். யார் செத்தார், எந்த நாள், எந்த முகாம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, புட்டியில் போட்டு, செத்தவர் குழியிலேயே புதைத்து வைத்தார்கள். கூலி முகாம்களில் இதில் ஒன்றும் இல்லை. வெவ்வேறு தோட்டத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் தெரியாது, தலைவன் கிடையாது, மருத்துவன் கிடையாது. 1943 மே, ஜூன் மாதங்களில் மேலாற்று முகாம்களில் காலரா புகுந்தபோது அங்கே ஒரே கொட்டகையில் உயிரும் பிணமும் சேர்ந்து கிடந்தன. இவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்துகொண்ட கைதிகளிலேயே 'எஃப்' பிரிவு என்ற 7,000 பேரில் 3,000-க்கு மேல் இறந்தார்கள் என்றால், பக்கத்துக் கூலி முகாம் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பர், அக்டோபரில், நேச நாட்டுக் குழு ஒன்று இந்தப் பாதை முழுக்கப் போய் இறந்த கைதிகளின் குழிகளைத் தேடியது. புதைத்து வைத்த காகிதங்கள் அப்போது கைகொடுத்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போன ஜப்பானியர் தகாஷி நகாசே, அங்கே பார்த்ததை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பின்னாளில் நூறு தடவைக்கும் மேல் காஞ்சனபுரிக்கு வந்தார், 1986-ல் பாலத்தருகே அமைதிக்கான ஒரு வழிபாட்டிடம் அமைத்தார், தம் முன்னிலையில் சித்திரவதைக்கு ஆளான பிரிட்டிஷ் கைதி எரிக் லோமக்ஸை 1993-ல் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். இன்று அவருக்குப் பாலத்தருகே சிலை இருக்கிறது. அந்தத் தேடுதல் குழுவின் வேலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் தோழர்களுக்கு அவர்கள் செய்தது அருமையான கடமை. ஆனால் கூலிகளின் குழிகளைத் தேடி அப்படி ஒரு குழு புறப்படவே இல்லை. மலாயாவிலும் பர்மாவிலும் திரும்ப வந்தமர்ந்த அரசுகளுக்கு ஆயிரம் வேலை இருந்தது. அந்தப் பட்டியலில் இது இல்லை.

அந்தத் தேடலின் பலனைக் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேரில் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்கு எதிரே, நகரின் முக்கியச் சாலையான சேங் சூட்டோ மேலேயே இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. கீழே குடும்பத்தார் அனுப்பிய ஒரு வரி. வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் 22, 24, 21, 27 என்று வருகிறது. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்கள் எல்லாருடைய பெயரையும் தனியே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் சுங்காய் என்ற இடத்தில், முன்பு கைதிகளின் ஆஸ்பத்திரி முகாம் இருந்த நிலத்தில், இன்னும் 1,700-க்கு மேற்பட்ட கல்லறைகள். சாம்பலாய்ப் போனவனுக்கும் பெயர் தந்த அக்கறையைப் பார்த்து நின்றபோது எனக்குப் பொறாமை என்று சொல்ல முடியாத ஓர் ஏக்கம் வந்தது. நம்மவர் ஒருவருக்காவது இப்படி ஒரு கல் இருந்திருக்கக் கூடாதா?

பாதை அப்புறம் என்ன ஆயிற்று? எல்லையருகே சில கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பிரிட்டிஷார் பெயர்த்து எடுத்தார்கள். மீதியைத் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். தாய்லாந்து அதில் ஒரு பகுதியைச் சீர்செய்து 1958 வரை படிப்படியாகத் திறந்தது. இன்று நாம் டோக் வரை சுமார் 130 கிலோமீட்டரில் ரயில் ஓடுகிறது. அதற்கு அப்பால் காடு தண்டவாளத்தைத் தின்றுவிட்டது. 1984-ல் கட்டி முடித்த காவ் லேம் அணையின் நீர், மேல்பகுதி முகாம்கள் இருந்த இடங்கள் பலவற்றை மூடிவிட்டது.

சுற்றுலா வந்தது சினிமா வழியாக. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-ல் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். டேவிட் லீன் 1957-ல் அதைப் படமாக்கினார், படம் ஏழு ஆஸ்கர் வாங்கியது. படம் எடுத்த இடம் இலங்கையின் கித்துல்கல, களனி ஆற்றங்கரை. நாவலாசிரியர் அந்தப் பாலத்தைப் பார்த்தவரல்லர். ஆனால் போருக்கு முன் அவர் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். எந்தத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் சயாமுக்குப் போனார்களோ, அந்தத் தோட்டங்களை நேரில் அறிந்தவர். அப்படியிருந்தும் உலகம் முழுக்கப் போன அந்தக் கதை பிரிட்டிஷ் கர்னலுக்கும் ஜப்பானியக் கர்னலுக்கும் இடையிலான மானப் போராட்டமாகத்தான் நின்றது. படம் பார்த்தவர்கள் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடிக்கொண்டு தாய்லாந்துக்கு வரத் தொடங்கினார்கள். உண்மையான பாலம் இருந்ததோ மே குலோங் ஆற்றின் மேல். 1960-ல் தாய்லாந்து ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டது. வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல் ஆற்றையே அவர்களுக்கு ஏற்ப மாற்றினார்கள்.

படத்தில் மரப்பாலம் வெடித்துச் சிதறுகிறது. இங்கே இருப்பது இரும்புப் பாலம், ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சட்டங்கள். 1943-ல் முடிந்தது. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நடுப்பகுதியை உடைத்தன. வளைந்த மேற்சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் கோணலாக, வேறு மாதிரியாக இருப்பதைப் பார்க்கலாம். அவை போருக்குப் பின் ஜப்பான் ஈடாகச் செய்து கொடுத்தவை. பாலத்தின் மேல் நடக்கலாம். ரயில் வரும்போது ஒதுங்கி நிற்க இடையிடையே சிறு மேடைகள் உண்டு. வண்டி நடை வேகத்தில் வரும், ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், ஒதுங்கியவர்கள் கையசைப்பார்கள். கீழே படகு உணவகங்கள், சுற்றிலும் நினைவுப் பொருள் கடைகள். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் ஒலி ஒளிக் காட்சியோடு திருவிழா நடக்கும். குண்டுவீச்சை வாணவேடிக்கையாக நடித்துக் காட்டுவார்கள். அந்த விழாவை நான் விரும்பவில்லை. மனிதர்கள் உயிரோடு கீழே இருந்தபோது விழுந்த குண்டுகள் அவை. கைதி முகாமும் கூலி முகாமும் பாலங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் பக்கத்தில்தான் இருந்தன.

அருங்காட்சியகங்களின் மாற்றம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முதலில் வந்தது 1977-ல், வாட் சாய்சும்போன் கோயிலின் தலைமைத் துறவி ஆற்றங்கரையில் தொடங்கிய ஜீத் அருங்காட்சியகம். கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகையைப் போலவே நீளமாக, ஓலை வேய்ந்து கட்டியது. உள்ளே மூங்கில் தட்டி, அதன் மேல் மங்கிய புகைப்படங்கள், நாளிதழ் நறுக்குகள், கைதிகள் வரைந்த படங்களின் நகல்கள், துருப்பிடித்த கத்தி, சப்பாத்து. வெளிச்சம் குறைவு, விளக்கம் குறைவு. ஆனால் அந்தக் கொட்டகையில் சாய்ந்த மூங்கில் தட்டில் எத்தனை அங்குலத்தில் ஒருவன் படுத்திருப்பான் என்று உடம்பே புரிந்துகொள்ளும். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அதில் எழுத்து இல்லை. அந்தத் துறவி வேண்டுமென்று விட்டார் என்று நான் நினைக்கவில்லை. அன்று காஞ்சனபுரிக்குத் திரும்பி வந்து புகைப்படமும் கதையும் கொடுத்தவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்.

இரண்டாவது, நகரிலிருந்து வடமேற்கே 80 கிலோமீட்டர், 323-ஆம் நெடுஞ்சாலையில், ஹெல்ஃபயர் கணவாய். மலையைக் கையால் வெட்டித் திறந்த இடம். சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். 1943 ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வேலையை மழைக்காலத்தில் இரவு பகலாக விரட்டினார்கள். மூங்கில் பந்தமும் எண்ணெய் விளக்கும் வைத்து எலும்பும் தோலுமானவர்கள் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் நரகத்தின் தீ என்று சொல்ல, அதுவே பெயராயிற்று. பாதை கைவிடப்பட்டபின் காடு அதை மூடிவிட்டது. 1983-ல் டாம் மோரிஸ் என்ற ஆஸ்திரேலிய முன்னாள் கைதி தேடிவந்து கண்டுபிடித்தார், ஆஸ்திரேலிய அரசை விடாமல் கேட்டார். 1998-ல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அங்கே நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். கைதிகளுக்கு மருத்துவம் செய்து பேர்பெற்ற டாக்டர் எட்வர்ட் டன்லப்பின் சாம்பலில் ஒரு பகுதி 1994-ல் இங்கே சேர்ந்தது. ஆண்டுதோறும் தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் திரண்டு வருகிறார்கள்.

அங்கே இறங்கிப் போவதற்கு மரப்படிகள் உண்டு. வெட்டின் அடியில் நின்று பாறைச் சுவரைத் தடவினால் உளி இறங்கிய தடங்கள் வரிசை வரிசையாகக் கைக்குத் தட்டுப்படும். ஓரிடத்தில் உடைந்த துளைக்கம்பி பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. ஒருவன் கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சுத்தியலால் அடித்து, ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் துளைத்தாக வேண்டும் என்று கணக்கு. இப்போது ஒலி வழிகாட்டி காதில் முன்னாள் கைதிகளின் சொந்தக் குரலை ஒலிக்கச் செய்கிறது. அவர்கள் பேசும்போது அழுவதில்லை, கோபப்படுவதில்லை, நடந்ததைச் சொல்கிறார்கள். ஓர் அரசு தன் மக்களின் துயரத்தை இவ்வளவு பொறுப்போடு பாதுகாக்க முடியும் என்பதற்கு இந்த இடம் சாட்சி. போர் நினைவிடம் அமைக்க நினைக்கும் எவரும் இங்கே வந்து ஒரு பகல் முழுக்க இருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 2003-ல் திறந்த தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல ஆண்டுகள் அந்தப் பாதையைக் கால்நடையாக அளந்து, முகாம்களின் இடங்களை அடையாளம் கண்டு உருவாக்கியது. பாதையின் நில அமைப்பு மாதிரி, நோய்கள், உணவளவு, கட்டுமான முறை எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்குகிறார்கள். ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்துப் பேசும் கணக்கு அங்கே இருக்கிறது. முதல் இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு இங்கே வரும் பயணிக்கு, இறந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்பது முதன்முறையாக எண்களில் தெரியும். பாட்டன் இறந்த முகாமைத் தேடிவரும் கைதிகளின் குடும்பத்தாருக்கு அவர்கள் பதிவேட்டைப் புரட்டி, இன்ன நாள், இன்ன முகாம், இன்ன நோய் என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழ்க் குடும்பம் வந்து கேட்டால் புரட்டிப் பார்க்கப் பதிவேடு இல்லை. அது அந்த மையத்தின் தவறு அல்ல. 1943-லேயே எழுதப்படாமல் போனதை 2003-ல் யார் எழுத முடியும்?

எழுதப்படாதவர்களைக் காஞ்சனபுரியின் மண் அவ்வப்போது வெளியே தள்ளியது. 1990-ல் நகரையொட்டிய ஒரு வயலில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை கைதிகளுடையவை அல்ல என்பது தெரிந்ததும் வெளிநாட்டுச் செய்திகளின் ஆர்வம் குறைந்துபோயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே நகரில் கிடைத்த தொழிலாளர் எச்சங்களை வாட் தாவோன் வராராம் என்ற வியட்நாமிய மரபுப் பௌத்தக் கோயிலில் சேர்த்து அடக்கி அதன்மேல் ஒரு தூபி எழுப்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள் அதன் கீழ் இருப்பதாகச் சொல்கிறார்கள். உள்ளூரில் வாட் யுவான் என்று கேட்டால் வழி சொல்வார்கள். போர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் பல ஆண்டுகள் வரை சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்கவில்லை, வழிகாட்டி நூல்கள் அதைச் சொல்லவில்லை. தம் இனத்தவர் அல்லாத, தம் மொழி பேசாத, யாரென்றே தெரியாத கூலிகளின் எலும்பைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துக் காத்த அந்தக் கோயிலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பாலத்தருகே இன்னொரு பழைய சின்னம் உண்டு. 1944 தொடக்கத்தில் ஜப்பானிய ரயில்படை தானே எழுப்பிய நினைவுத் தூண். பாதையில் இறந்த எல்லாருக்குமாக. சுற்றுச்சுவர்ப் பலகைகளில் பல மொழிகளில் எழுத்து இருக்கிறது, தமிழும் அவற்றில் ஒன்று. சாகடித்தவர்கள் சாகடித்த கையோடு தமிழில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அங்கே நின்று வெகுநேரம் யோசித்தேன். அந்தப் பாதையில் தமிழர் செத்தார்கள் என்பதற்கு ராணுவமே தந்த ஒப்புதல் அது. பிறகு வந்த வெற்றியாளர்கள் யாரும் அவ்வளவுகூடத் தரவில்லை.

மாற்றம் மலேசியாவிலிருந்து தொடங்கியது. சயாமுக்குப் போய்த் திரும்பிய சிலர் தோட்டத்து லயங்களில் பேரப்பிள்ளைகளிடம் சொன்ன கதைகள்தான் ஆதாரம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தக் கதைகளை எழுத்தில் கொண்டுவந்தன. பின்னர் ஆர்வலர்கள் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். மலேசியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காஞ்சனபுரிக்கு வரத் தொடங்கினார்கள். வாட் தாவோனில் சூடம் ஏற்றி, சோறு படைத்து, எண்பது ஆண்டு தாமதமான திதியைக் கொடுத்தார்கள். அண்மை ஆண்டுகளில் அதே வளாகத்தில் தாய்லாந்து, மலேசியத் தமிழர்களின் முயற்சியில் நடுகல் எழுந்தது. தமிழ்நாடு அரசும் நிதி தந்தது. இறந்தவனுக்குக் கல் நடுவது நமக்குச் சங்க காலத்திலிருந்து வரும் வழக்கம். யாரென்று பெயர் தெரியாத பல்லாயிரம் பேருக்குச் சேர்த்து ஒரு கல் நட நேர்ந்தது இப்போதுதான்.

ரயில்பாதையின் மறுமுனை தன்பியூசயாட், பர்மாவில். அங்கும் 3,700-க்கு மேற்பட்ட கைதிகளின் கல்லறைத் தோட்டம் உண்டு. 2016-ல் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். செத்த கூலிகளில் பர்மியரும் பெரிய கூட்டம். வியர்வைப் படை என்று பெயர் சூட்டி அனுப்பினார்கள் அவர்களை. 2021-க்குப் பிறகு அந்தப் பக்கம் புதிய போர், சாதாரணப் பயணி போகும் நிலை இல்லை. டோக்கியோ போகிறவர்கள் யசுகுனி ஆலயத்தின் யூஷூகான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் இந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்றைப் பார்க்கலாம். எண் 31. 1979-ல் தாய்லாந்திலிருந்து திரும்பியது. கறுப்புப் பூச்சும் பித்தளையும் பளபளக்க நிற்கிறது. அது ஓடிய தண்டவாளத்துக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்பதை அந்த மண்டபம் சொல்வதில்லை. காஞ்சனபுரியைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்கிறவருக்கு அந்தப் பளபளப்பு தாங்காது.

இந்த ஊருக்குப் போகிறவர்கள் பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாவில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாலம், கல்லறைத் தோட்டம், ரயில் சவாரி, மதியச் சாப்பாடு என்று முடித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதலில் வாட் தாவோன். அங்கிருந்து நடந்து போர்க் கல்லறைத் தோட்டம், பக்கத்தில் ரயில்பாதை மையம். மாலையில் பாலம். மறுநாள் காலையில் ஹெல்ஃபயர் கணவாய். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும், ஏறி வருவது கடினம். திரும்பும்போது நாம் டோக்கில் ரயில் ஏறினால், தாம் கிராசே அருகே பாறையை ஒட்டி மரத்தூண்களின் மேல் வளைந்து போகும் பாலத்தை வண்டி ஊர்ந்து கடக்கும். ஆற்றுப் பக்க ஜன்னலைவிடப் பாறைப் பக்க ஜன்னலே நல்லது. பாறையை எவ்வளவு நெருக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேர் உள்ள குடும்பம் என்றால், கிளம்புமுன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சயாமுக்குப் போனவரின் பெயர், அவர் அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த மாதம் போனார், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யாராவது அவரைப் பற்றி என்ன சொன்னார். முகாம் பெயர் எதையாவது சொல்லியிருந்தால், நீக்கே, சோங்குராய், கின்சாயோக், தார்சாவ் என்று வாய்க்கு வாய் எப்படித் திரிந்திருந்தாலும் கேட்டபடியே எழுதுங்கள். முகாம்களின் இடங்கள் இன்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர் எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறது.